கொம்படி வலசையின் பச்சைப் புள்ளி

எனக்கு மீன் பிடிக்காது, சார். ராமேஸ்வரம் ரோட்டில் வேலை பார்த்துக்கொண்டு இப்படிச் சொன்னால் டீக்கடைக்காரர்கூட ஏற இறங்கப் பார்ப்பார். நான் நயினார்கோவில் பக்கத்து ஆள். அய்யாவுக்கு மிளகாய்க் காடு. மழை பெய்தால் விளையும், பெய்யாவிட்டால் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று கிடக்கும் பூமி. மீன் வாடை எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. ஆனாலும் கொம்படி வலசை ராக்கு அக்கா ஆபீசுக்கு வரும்போதெல்லாம் எனக்கென்று ஒரு பொட்டலம் கருவாடு கொண்டுவருவார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது. வாங்கி வைத்துக்கொண்டு, அவர் போனதும் கூட வேலை பார்க்கும் ஆதிலிடம் கொடுத்துவிடுவேன். பதிலுக்கு ஊருக்குப் போய்வரும்போது ஒரு பை குண்டு மிளகாய் அவருக்குக் கொடுப்பேன். கடைசிவரை நான் அந்தக் கருவாட்டைத் தின்கிறேன் என்றுதான் அவர் நம்பிக்கொண்டிருந்தார். என்னைப் பற்றி அவர் நம்பிய முதல் பொய் அது.

நீங்கள் கேட்டது சங்கு மரங்களைப் பற்றி. முறையாகவே சொல்கிறேன்.

எங்கள் அறக்கட்டளை கடற்கரைக் கிராமங்களில் எச்சரிக்கைச் சங்கு வைத்திருக்கிறது. உயரமான இரும்புக் கம்பம், உச்சியில் சங்கு, நடுவில் சோலார் தகடு, அடியில் ஒரு பெட்டிக்குள் பேட்டரி. கடல்காரர்கள் அதை மரம் என்பார்கள். உச்சிப்புளி தாண்டி இருக்கிற எங்கள் ஆபீசிலிருந்து கம்பியில்லா இணைப்பு வழியாக எல்லா மரங்களையும் ஊதவைக்கலாம். காலையில் ஒரு சின்ன ஊதல். மரம் உயிரோடு இருக்கிறது, நீங்கள் கடலில் இறங்கலாம் என்று அதற்கு அர்த்தம். காற்று, மழை வருகிறது என்று தகவல் வந்தால் நீளமாக ஊதும். உடனே கரைக்கு வந்துவிட வேண்டும் என்று அர்த்தம்.

கொம்படி வலசையில் பெண்கள் பாசி எடுப்பவர்கள். வள்ளத்தில் தீவுப் பக்கம் போய், விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, சேலைக்கு மேலே ஆம்பிளைச் சட்டை போட்டுக்கொண்டு, கண்ணாடி மாட்டி முங்கி, கடலடிப் பாறையிலிருந்து பாசியைப் பறித்து வருவார்கள். முன்னெல்லாம் மேற்கே ஒரு மேகம் கறுத்தால் வள்ளத்தைத் திருப்பிவிடுவார்களாம். பாதி நாள் மேகம் சும்மா போய்விடும், அன்றைய கூலியும் அதோடு போய்விடும். மரம் வந்தபிறகு மேகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். ஊதினால் வருவது, ஊதாவிட்டால் வேலையைப் பார்ப்பது. அப்படிப் பழக்கியதே நாங்கள்தான். நானே போய் மணலில் உட்கார்ந்து வகுப்பு எடுத்திருக்கிறேன். "மேகத்த நம்பாதீங்க, மரத்த நம்புங்க" என்று சொன்னேன். அவர்கள் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்கள். ராக்கு அக்கா மட்டும், "மரத்துக்குப் பின்னால இருக்குற ஆள நம்பலாமா தம்பி?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மரங்களைக் கண்காணிக்க ஒரு மென்பொருள் உண்டு. பெரிய கம்பெனிகளில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளப் பயன்படுத்துவது, இலவசமாகக் கிடைக்கும். ஒவ்வொரு மரத்தையும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை "இருக்கிறாயா?" என்று கேட்கும். பதில் வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு. அறை மூலையில் இருந்த ஒரு பழைய கம்ப்யூட்டரில் மட்டும்தான் அது ஓடும். பார்க்க அவலட்சணமாக இருக்கும். அதோடு எங்கள் திரையில் மத்தியானம் ஆனால் பாதி சிவப்பாகிவிடும். தண்ணீருக்கு மேலே போகிற இணைப்பு வெயில் ஏறினால் தடுமாறும், பிறகு தானாகச் சரியாகிவிடும்.

இந்த இடத்தில் ஆதிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கீழக்கரைக்காரர். துபாயில் நெட்வொர்க் வேலை பார்த்துவிட்டு, வாப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் திரும்பி வந்தவர். மரங்களின் பராமரிப்பு அவர் பொறுப்பு. நான் அவருக்கு மேலே. சிவப்பு தெரிந்தால் அவர் பதற மாட்டார், விடவும் மாட்டார். ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு ஆள் வைத்திருந்தார். டீக்கடைக்காரர், பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார், கொம்படி வலசையில் ராக்கு அக்கா. காலையில் வரிசையாகப் போன் போடுவார்.

"ராக்கக்கா, ஊதுச்சா?"

"ஊதிருச்சு வாப்பா. நல்லா இருப்ப."

அவ்வளவுதான். அந்தக் குரல் வந்தபிறகுதான் அவர் டீ குடிக்கப் போவார். மத்தியானச் சிவப்பைப் பற்றி நான் எரிச்சல்பட்டால், "வெயிலுக்குப் படுத்திருக்குண்ணே, சாயங்காலம் அஸர் தொழுகைக்குள்ள எந்திரிச்சிரும். எந்திரிக்கலைன்னா நான் போயிட்டு வாரேன்" என்பார். சொன்னபடி போவார். இந்தக் காலத்தில் போய் டீக்கடையில் கேட்டு மெஷினைச் சரிபார்ப்பதா என்று எனக்கு வெட்கமாக இருக்கும். அந்த வெட்கத்தில் தொடங்கியதுதான் எல்லாம் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த மென்பொருளின் புதிய பதிப்பில் சோதனை முயற்சியாக ஒரு இணையப் பக்கம் சேர்த்திருந்தார்கள். பழைய கம்ப்யூட்டர் தேவையில்லை; போனில், டிவியில், எங்கே வேண்டுமானாலும் பிரவுசரில் திறந்து பார்க்கலாம். வரைபடம், அதன்மேல் புள்ளிகள், சங்கை ஊதவைக்க ஒரு பொத்தான். அதைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. நிறுவுவது லேசாக இல்லை. பாதி விளக்கக் குறிப்பு எழுதப்படாமலே கிடந்தது. பக்கத்தைத் திறந்தால் வெள்ளையாக வரும், ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று கெடும், சர்வர் ஒரு மொழி பேசும், பக்கம் ஒரு மொழி பேசும். நான் விடவில்லை. கடைசியில் ஒருநாள் நம் கடற்கரை முழுக்கத் திரையில் வந்து நின்றது, ஒவ்வொரு ஊரும் ஒரு பச்சைப் புள்ளியாக. அய்யாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "கடலுக்கே காவலா இருக்கேன்னு சொல்லு" என்றார். சொல்லிச் சிரித்தோம். உண்மையில் நான் ரொம்பச் சந்தோஷமாக இருந்த நாள் அது.

பக்கத்தின் உச்சியில் ஒரு மஞ்சள் பட்டை வந்துகொண்டிருந்தது. இது சோதனைப் பதிப்பு, உயிர் சம்பந்தப்பட்ட வேலைகளுக்கு நம்ப வேண்டாம் என்று அதில் எழுதியிருக்கும். பக்கத்தின் அழகை அது கெடுத்தது. ஒரே ஒரு வரியில் அதை மறைத்துவிட்டேன். தப்பு என்று அப்போது தோன்றவில்லை. புதுச் சட்டையில் விலைச்சீட்டைக் கிழித்துப் போடுவது போலத்தான் இருந்தது.

அடுத்தது மத்தியானச் சிவப்பு. புதிய பக்கம் பழையதைவிடப் பதற்றக்காரப் பக்கமாக இருந்தது. ஒரு மரம் ஒருமுறை பதில் சொல்லாவிட்டாலும் சிவந்துவிடும். எங்கள் மேலாளர் சதக்கத்துல்லா சார் எட்டிப் பார்த்து, "என்ன சேது, அம்மை போட்ட மாதிரி இருக்கு?" என்று கேட்டார். சென்னையிலிருந்து நிதி கொடுப்பவர்கள் வரப் போகிறார்கள், பிடித்துப்போனால் கடற்கரை முழுக்க இதையே வைப்பார்கள், அதற்குப் பொறுப்பாக என்னைச் சென்னைக்கு எடுத்துக்கொள்வார்கள் என்றும் சொல்லியிருந்தார். நான் யோசித்தேன். எப்படியும் அஸருக்குள் எழுந்துவிடும் மரங்கள்தானே. பதில் வராவிட்டால் கடைசியாக என்ன நிறம் இருந்ததோ அதையே காட்டு என்று மாற்றி எழுதினேன். அதன்பிறகு பக்கம் சிவக்கவே இல்லை.

ஆதில் அதைப் பார்த்தார். "அண்ணே, செத்த மரமும் பச்சையாத்தானே காட்டும்?" என்றார்.

"நிகழ்ச்சி முடியட்டும், மாத்திர்றேன்" என்றேன்.

"அப்ப அதுவரைக்கும் நான் போன் போடுறத நிறுத்த மாட்டேன்."

"போடு, யாரு வேணாம்னா."

கோபத்தில் சொன்னாரா, தமாஷாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் முகம் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும்.

சென்னைக்காரர்கள் வருவதாகச் சொன்ன நாளும் ஆதிலின் தங்கை அஸ்பியாவின் நிக்காஹ் நாளும் ஒன்றாக வந்தன. நான்தான் லீவு கொடுத்தேன். முதல்நாள் சாயங்காலம் அவர் வண்டியில் ஏறிவிட்டு, இறங்கித் திரும்பி வந்தார்.

"அண்ணே, கொம்படி வலசை மரம் போயிருச்சு. உப்புக்காத்துல பேட்டரி வீங்கிப்போய்க் கெடக்கு. புதுசுக்குச் சொல்லிட்டேன், நாளக் கழிச்சுத்தான் வரும். ராக்கக்காவுக்குப் போன் போட்டேன், எடுக்கல. தண்ணிக்குள்ள இருந்திருப்பாங்க."

"நான் சொல்லிக்கிறேன், நீ போ. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க காத்திருப்பாங்க."

"மறந்துறாதீங்கண்ணே. ரெண்டு நாளைக்கு எறங்க வேணாம்னு சொல்லிருங்க. மரத்த நம்பியே பழகிட்டாங்க."

"சொல்லிர்றேன்யா."

சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். சத்தியமாக. போனைக் கையில் எடுத்தபிறகுதான் யோசனை வந்தது. ராக்கு அக்காவிடம் சொன்னால் அவர் ஊரில் சொல்வார். ஊர்த் தலைவர் மருதுபாண்டி வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார். அந்த ஆளுக்கு மரத்தில் காக்கா உட்கார்ந்தாலும் போட்டோ எடுத்துப் போட வேண்டும். அந்தக் குரூப்பில் எங்கள் அறங்காவலர்கள் இருக்கிறார்கள், சென்னைக்காரர்களும் இருக்கிறார்கள். ஒரு பக்கம் நான் திரையில் பச்சையைக் காட்டிக்கொண்டிருப்பேன், மறுபக்கம் அவர்கள் கையிலிருக்கும் போனில் மரம் செத்துப்போச்சு என்று வந்து நிற்கும். போனைக் கீழே வைத்துவிட்டேன். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். என்னிடம் இருந்தது பூசணிக்காய்கூட இல்லை சார், ஒரு சின்னப் புள்ளி. ஒரு நாளைக்கு மறைத்தால் போதும்.

காலையில் நான் ஆபீசைத் திறந்துகொண்டிருந்தபோது அவரே கூப்பிட்டார். பின்னால் பெண்கள் பேசுகிற சத்தம், தண்ணீர் சத்தம்.

"தம்பி, மரம் ஊதலையே. ஆதிலு போன் போடல, அதான் கேக்கேன். எறங்கவா, வேணாமா?"

நான் மூலையிலிருந்த பழைய கம்ப்யூட்டரைப் பார்த்தேன். கொம்படி வலசை சிவப்பாக இருந்தது. எழுந்துபோய் அதன் திரையை அணைத்தேன். பிறகு பெரிய டிவியைப் பார்த்தேன். பச்சை.

"இங்கன பச்சையா இருக்குக்கா" என்றேன். "காத்து எதுக்க அடிச்சிருக்கும், உங்களுக்குக் கேட்டிருக்காது."

"அப்படியா? எங்க யாருக்குமே கேக்கலையே."

"சரியாத்தான் இருக்கு. போயிட்டு வாங்க."

"நீ சொன்னாச் சரிதான்யா. சாயந்திரம் அந்தப் பக்கமா வாரேன். ஒனக்கு நெத்திலி காயப்போட்டு வச்சிருக்கேன்."

நான் சொன்னதில் எது பொய் என்று அப்போதே எனக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இங்கே பச்சையாக இருந்தது என்பது உண்மை. காற்று எதிரே அடித்திருக்கலாம். வானம் சுத்தமாக இருந்தது, புரட்டாசி வெயில் சுள்ளென்று அடித்தது. அன்றைக்கு ஒன்றும் வராது என்று நினைத்தேன். முக்கால்வாசி நாள் ஒன்றும் வருவதில்லை சார். அதுதான் இந்த வேலையின் கெட்ட குணம்.

சென்னைக்காரர்கள் பகல் ஏறி வந்தார்கள். மாலை, சால்வை, இளநீர் எல்லாம் முடிந்து நான் பக்கத்தைக் காட்டினேன். நன்றாகப் பேசினேன் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு அம்மா மட்டும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "ஒரு கம்பம் பழுதானால் எப்படித் தெரியும்?" என்று கேட்டார். "சிவப்பாகிவிடும் மேடம்" என்றேன். "இப்போது ஒன்றுகூடச் சிவப்பாக இல்லையே, பாராட்ட வேண்டும்" என்றார். எனக்குக் காது மடல் சூடானது. கூச்சம் என்று அவர் நினைத்திருப்பார்.

அப்போதுதான் வானிலைத் தகவல் வந்தது. தென்மேற்கிலிருந்து பலத்த காற்று எழும்புகிறது, சிறு படகுகள் உடனே கரை திரும்ப வேண்டும் என்று. சதக்கத்துல்லா சார் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிவிட்டு, "சரியான நேரத்துல வந்திருக்கு சேது. நேர்லயே காட்டிரு" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது, அவரை இதில் இழுக்காதீர்கள். நான் பொத்தானை அழுத்தினேன். எங்கள் ஆபீசுக்குப் பக்கத்துக் கிராமத்து மரம் நீளமாக ஊதியது ஜன்னல் வழியாகக் கேட்டது. திரையில் எல்லாப் புள்ளிகளுக்கும் பக்கத்தில் 'அனுப்பப்பட்டது' என்று வந்தது. கொம்படி வலசைக்குப் பக்கத்திலும் வந்தது. கை தட்டினார்கள்.

அந்தக் கைதட்டலுக்குள் நான் நின்றுகொண்டிருந்தேன். ராக்கு அக்காவின் எண் என் போனில் இருந்தது. வெளியே வராந்தாவுக்குப் போய் ஒரு போன் போட்டிருக்கலாம். பாத்ரூமுக்குப் போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். மருதுபாண்டியைக் கூப்பிட்டிருக்கலாம், அவர் வேறு வள்ளம் அனுப்பியிருப்பார். சங்கு ஊதியபிறகு எதற்குப் போன் போடுகிறாய் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்பது மட்டும்தான் எனக்கு யோசனையாக இருந்தது. யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டிருந்தாலும் என்ன? சென்னை வேலை கைநழுவியிருக்கும், அவ்வளவுதானே. இதையெல்லாம் இப்போது சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. பிறகு எல்லோரும் சாப்பிடப் போனோம்.

மீதி உங்களுக்குத் தெரியும். காற்று வந்தது. வள்ளம் தீவுக்கும் கரைக்கும் நடுவில் கவிழ்ந்தது. ஆறு பேரில் நான்கு பேரைப் பக்கத்து ஊர் வள்ளத்துக்காரர்கள் தூக்கினார்கள். அந்த ஊர் மரம் ஊதியதால் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். மீதி இரண்டு பேர், ராக்கு அக்காவும் வெள்ளையம்மாளும், மறுநாள்தான் கிடைத்தார்கள். ராக்கு அக்காவின் மகள் சுகந்தி பிழைத்த நால்வரில் ஒருத்தி.

தகவல் வந்ததும் நான் செய்த முதல் காரியத்தைச் சொல்கிறேன். சிவப்புப் புள்ளி வந்தால், 'பார்த்துவிட்டேன், இனி என் பொறுப்பு' என்று பொறுப்பாளர் அழுத்த ஒரு வசதி அந்த மென்பொருளில் உண்டு. சர்வரின் கடிகாரத்தை ஆதில் லீவில் போவதற்கு முன்னால் இருந்த நேரத்துக்குத் திருப்பிவைத்தேன். ஆதில் பெயரில் உள்ளே போனேன். கடவுச்சொல் எனக்குத் தெரியும்; அவருக்கு அதை உண்டாக்கிக் கொடுத்தவன் நான்தான். அவர் மகள் பெயர், மர்ஜானா. ஒரு எழுத்தும் பிசகாமல் தட்டினேன். கொம்படி வலசையில் 'பார்த்துவிட்டேன்' என்று அழுத்தினேன், வெளியே வந்தேன், கடிகாரத்தைச் சரியாக வைத்தேன். மரம் போனது தெரிந்தும் ஆதில் யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார் என்று, அன்றைக்கு வந்த அதிகாரிகளிடம் அதைத்தான் காட்டினேன். நிக்காஹ் பந்தலிலிருந்து அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

மரம் பழுதானதை என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனதாக ஆதில் உங்களிடம் சொல்லியிருக்கிறார். நான் மறுத்தேன். எங்கள் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்தபோது நான் அவர் சட்டைப் பித்தானைப் பார்த்துக்கொண்டே மறுத்தேன். அவர் என்ன சொன்னார் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "அண்ணனுக்கு வேலை மும்முரத்துல மறந்திருக்கும் சார். வேணும்னு செய்ற ஆளில்ல" என்றார். என்னைத் திட்டியிருந்தால், அடித்திருந்தால், நான் இன்றைக்கு இங்கே வந்திருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் அந்தப் பித்தான் வருகிறது, அதற்கு மேலே முகம் வருவதில்லை.

அவரை விட்டுவிடுங்கள். உள்ளே இருக்க வேண்டிய ஆள் நான்.

நேற்று சுகந்தி ஆபீசுக்கு வந்தாள். நெற்றியில் தையல் போட்ட கட்டு. கையில் என் மிளகாய்ப் பை. காலியான பையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று அம்மா எடுத்து வைத்திருந்ததாகச் சொன்னாள். உள்ளே ஒரு பொட்டலம் நெத்திலி இருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கடல்லருந்து அம்மா ஒங்களுக்குத்தான் கடைசியாப் போன் போட்டுச்சாம். போலீஸ்ல சொன்னாங்க. நான் தண்ணிக்குள்ள இருந்தேன், எனக்குத் தெரியாது. என்னண்ணே பேசுச்சு?"

"காத்துச் சத்தம் சுகந்தி. ஒண்ணும் கேக்கல."

"ஒரு வார்த்தகூடவா?"

"இல்லம்மா."

"என் பேரச் சொல்லுச்சோன்னு நெனச்சேன்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, நெத்திலியை வெயிலில் ஒருதரம் காயவைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனாள்.

உங்களிடமும் முதல் விசாரணையில் அதையேதான் சொன்னேன். காற்றுச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று. அது பொய். ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது. நான் கையில் தட்டோடு நின்றிருந்தேன். எதிரே அந்தக் கண்ணாடி போட்ட அம்மா என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது, எடுத்தேன்.

"தம்பி, மேக்க கறுத்துக்கிட்டு வருது. சுகந்தி முங்கிக்கிட்டு இருக்கா. மரம் ஒண்ணும் சொல்லலையே, ஏறி வந்துரவா?"

அப்போது காற்று இன்னும் அவர்களிடம் வந்து சேரவில்லை. கரைக்கு வரப் போதுமான நேரம் இருந்தது. வந்துவிடுங்கள் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்த அம்மா கேட்டுக்கொண்டிருந்தார்; சங்கு ஊதியபிறகு யாரை வரச் சொல்கிறீர்கள் என்று கேட்டால்? என் வாயிலிருந்து, நான் மணலில் உட்கார்ந்து வகுப்பெடுத்த அதே குரல் வந்தது.

"மேகத்த நம்பாதீங்கக்கா. மரத்த நம்புங்க. நீங்க வேலையப் பாருங்க."

"சரிய்யா" என்றார். "அப்ப சுகந்தி முங்கட்டும்." அதுதான் கடைசி. மகள் பெயரைச் சொன்னார் என்று அவளிடம் நீங்கள் சொல்லிவிடுங்கள். என்னால் முடியாது.

ராக்கு அக்காவையும் வெள்ளையம்மாளையும் கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அறிக்கையில் மென்பொருள் கோளாறு என்று மட்டும் எழுதிவிட வேண்டாம், சார். ரொம்பக் கஷ்டப்பட்டு நிறுவிய பக்கம் அது, ஒரு நாள்கூட நின்றதில்லை. சந்தேகமாக இருந்தால் இப்போதே உங்கள் போனில் திறந்து பாருங்கள். அந்த மரத்தை உங்கள் ஆட்களே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், அங்கே இப்போது வெறும் மணல்தான் இருக்கிறது. கொம்படி வலசை இன்னும் பச்சையாகத்தான் இருக்கும்.